பிரஷ்கி: ஓவனில் சுடுவதா, எண்ணெயில் பொரிப்பதா?

மருத்துவம் படிக்க ரஷ்யா போயிருந்தபோது, கடைசி இரண்டு வருடம் திவேர் நகரத்தில் ஒரு பாட்டி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பிரஷ்கி என்பது மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்டோ பொரித்தோ எடுக்கும் ரஷ்யப் பலகாரம். அதைச் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்று முதல்முறை கேட்டபோது அவர் மாவு டப்பாவைத் திறக்கவில்லை. "எப்போ சாப்பிடப் போறே, தோச்சென்கா? இப்பவா, நாளைக்கா?" என்று கேட்டார். தோச்சென்கா என்றால் மகளே என்று அர்த்தம். பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். பல முறை செய்து, சிலது கல்லாகி, சிலது பிளந்து, சிலது நன்றாக வந்த பிறகுதான், வீட்டில் பிரஷ்கி செய்ய நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான் என்று புரிந்தது. எந்த மாவு, ஓவனா எண்ணெயா, உள்ளே என்ன பூரணம் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு தானாக அமைந்துவிடும்.

பெயரை மட்டும் தெளிவாக்கிவிடுகிறேன். குடும்பத்துக்கே சேர்த்துப் பெரிதாகச் சுட்டு, வெட்டிப் பரிமாறினால் அது பிரோக். கைக்குள் அடங்கும் அளவில் ஒருவருக்கு ஒன்றாகச் செய்தால் பிரஷோக். ஒன்றுக்கு மேல் போனால் பிரஷ்கி. வீட்டின் அழகு அதன் மூலைகளில் இல்லை, பிரோக்கில் இருக்கிறது என்று ரஷ்யர்களிடம் ஒரு பழமொழியே உண்டு.

சுடுவதா பொரிப்பதா என்பது இன்றைக்கு வந்த கேள்வி இல்லை. ரஷ்யக் கிராம வீடுகளில் பாதி அறையை அடைத்துக்கொண்டு நிற்குமே ஒரு பெரிய அடுப்பு, அதன் சூடான தரையில் வைத்துச் சுட்டதற்குப் பதோவியே என்று பெயர். எண்ணெயிலோ உருக்கிய கொழுப்பிலோ பொரித்ததற்குப் பிரியாஷெனியே என்று பெயர். இரண்டும் பழைய சொற்கள். இரண்டு வகையும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவை. மாஸ்கோவின் திவெர்ஸ்காயா தெருவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர்பெற்ற பிலிப்போவ் ரொட்டிக்கடையில், பொரித்த பிரஷ்கியைச் சூடு ஆறாமல் பெரிய இரும்புப் பெட்டிகளில் வைத்து விற்றார்கள். இறைச்சி, முட்டை, சோறு, காளான், ஜாம் என்று பல பூரணம். கல்லூரி மாணவரும் பெரிய உத்தியோகக்காரரும் அருகருகே நின்று தின்றார்களாம். பொரித்த பிரஷோக் அப்படி நின்ற இடத்திலேயே தின்பதற்கானது.

சுட்டது வழிக்கானது. மாஷாவும் கரடியும் கதையை ரஷ்யக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் தெரியும். காட்டில் கரடியிடம் மாட்டிக்கொண்ட மாஷா, பிரஷ்கி சுட்டுக் கூடையில் அடுக்கி, தாத்தா பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடு என்று சொல்லிவிட்டு, தானும் அந்தக் கூடைக்குள் ஒளிந்துகொள்கிறாள். வழியில் கரடி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துத் தின்னப் பார்க்கும். "பார்க்கிறேன், பார்க்கிறேன்! கட்டையில் உட்காராதே, பிரஷோக்கைத் தின்னாதே!" என்று கூடைக்குள்ளிருந்து குரல் வரும். காடு கடந்து ஊர் போய்ச் சேரும் வரை கெடாமல், நசுங்காமல் இருக்கும் பண்டம் அது. ஓவனில் சுட்ட ஈஸ்ட் மாவு பிரஷோக் அப்படித்தான் இருக்கும். நான் திவேரிலிருந்து மாஸ்கோவுக்கு ரயில் ஏறும் நாட்களில் பாட்டி துணியில் சுற்றிக் கொடுத்ததும் அதைத்தான்.

சரி, மாவுக்கு வருவோம். வீட்டில் செய்பவருக்கு உண்மையில் மூன்று வழி இருக்கிறது.

முதலாவது ஒப்பாரா வைத்துப் பிசையும் ஈஸ்ட் மாவு. ஒப்பாரா என்பது ஈஸ்ட்டுக்கு முன்கூட்டியே கொடுக்கும் ஒரு சின்ன விருந்து. வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட், ஒரு கரண்டி சர்க்கரை, மூன்று கரண்டி மைதா கலந்து மூடி வைக்க வேண்டும். பால் உடம்புச் சூட்டில் இருந்தால் போதும்; 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும், பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயனில்லை. அரை மணி நேரத்தில் அது நுரைத்து மேலே வந்து, நடுவில் இலேசாக உள்வாங்கத் தொடங்கும். பாட்டி அந்த உள்வாங்கலுக்காகவே காத்திருப்பார். அதற்கு முன்னால் மீதி மாவைச் சேர்க்க விடமாட்டார்.

என் அளவு இது: மைதா 500 கிராம், பால் 250 மில்லி, உலர் ஈஸ்ட் 7 கிராம், முட்டை 1, வெண்ணெய் 70 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. மாவு ஒரே அடியாய்க் கொட்டாமல் கடைசி ஒரு கைப்பிடியை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் மட்டும் சேர்க்கலாம். பிசைந்த மாவு பூரி மாவைவிட நன்றாகவே இளகலாக இருக்கும், விரலில் கொஞ்சம் ஒட்டவும் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் மேலும் மைதா சேர்ப்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. பத்து நிமிடம் விடாமல் பிசைந்தால் ஒட்டுவது தானாக நின்றுவிடும்.

பாட்டி வீட்டுச் சமையலறை சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்துக் கட்டடங்களில் வழக்கமாக இருக்கும் ஆறு சதுர மீட்டர் அறை. ஜன்னலுக்குக் கீழே வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் எனாமல் பாத்திரம், பாத்திரத்தின்மேல் லினன் துண்டு. மாவு உப்பும் வரை ஜன்னலைத் திறக்கக் கூடாது, கதவைப் படாரென்று சாத்தக் கூடாது. மாவுக்குக் காற்றோட்டம் என்றால் ஆகாது என்பது அவர் நம்பிக்கை. குளிர்காற்று பட்டால் ஈஸ்ட் மந்தமாகும் என்பதால் அதில் உண்மையும் இருக்கிறது. ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகும். உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, இன்னும் நாற்பது நிமிடம் விடுவார். சென்னை மாதிரி ஊரில் இந்த நேரமெல்லாம் பாதியாகக் குறைந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

மொத்தம் நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் அதில் கை வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை. இந்த மாவில் பாலும் வெண்ணெயும் முட்டையும் இருப்பதால் மறுநாளும் பஞ்சு போல இருக்கும். ஓவனுக்கும் ஒத்துவரும், எண்ணெய்க்கும் ஒத்துவரும். மூன்றில் இதற்கு மட்டும்தான் அந்தத் தாராளம் உண்டு.

இரண்டாவது, கேஃபிரும் எண்ணெயும் ஈஸ்ட்டும் சேர்த்துச் செய்வது. கேஃபிர் என்பது மோர் போலக் குடிக்கும் ஒரு புளித்த பால். ரஷ்ய வீடுகளில் இதற்கு 'இறகு போன்ற மாவு' என்று செல்லப் பெயர். ஒரு குவளை கேஃபிர், அரைக் குவளை சூரியகாந்தி எண்ணெய், மூன்று குவளை மைதா, 11 கிராம் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று, உப்பு, சர்க்கரை. கேஃபிரையும் எண்ணெயையும் சேர்த்து வெதுவெதுப்பாக்கிப் பிசைந்து அரை மணி நேரம் வைத்தால் போதும். முட்டை கிடையாது. வேலை முடிந்து வந்த மாலையில் ஒன்றரை மணி நேரத்தில் தட்டு நிறைந்துவிடும். குறை என்னவென்றால், எண்ணெய் மிகுந்த மாவு என்பதால் இதைப் பொரித்தால் வாயில் பிசுக்கென்று நிற்கும். என்னைக் கேட்டால் இது ஓவனுக்கு மட்டும். இரவில் சுட்டால் மறுநாள் காலை வரை மென்மை இருக்கும். ஆனால் ஒப்பாரா மாவில் வரும் அந்த ரொட்டி வாசனை இதில் வராது. நேரம் கொடுத்தால்தான் ஈஸ்ட் வாசனை கொடுக்கும்.

மூன்றாவதில் ஈஸ்ட்டே இல்லை. கேஃபிரின் புளிப்போடு சமையல் சோடா சேரும்போது உண்டாகும் வாயுதான் மாவைத் தூக்குகிறது. 250 மில்லி கேஃபிர், ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு கரண்டி எண்ணெய், 350 முதல் 400 கிராம் மைதா. கேஃபிர் கிடைக்காத ஊரில் புளித்த தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் வைத்துவிட்டுப் பூரணம் வைத்து உடனே பொரிக்க வேண்டும். காத்திருந்தால் வாயு போய்விடும். வாணலியிலிருந்து எடுத்த அடுத்த கால் மணி நேரத்துக்கு இதற்கு இணை கிடையாது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே இளசாக, இலேசான புளிப்போடு இருக்கும். மாலைக்குள் விறைத்துவிடும். மறுநாள் அதைச் சூடுபடுத்திச் சாப்பிடுவது வெறும் பசிக்குத்தான்.

கடையில் உறையவைத்து விற்கும் மாவை வாங்கிச் செய்யலாமே என்றும் கேட்பார்கள். செய்யலாம். அடுக்கடுக்காக உதிரும் பஃப் மாவு தனி ருசி, ஆனால் அதைப் பிரஷ்கி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இனி ஓவனா எண்ணெயா. ஓவன் என்றால் 50 கிராம் உருண்டைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுக்குப் பதினெட்டு வரும். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவில் 30, 35 கிராம் பூரணம். எதிரெதிர் ஓரங்களை நடுவில் சேர்த்துக் கிள்ளி, அங்கிருந்து இரண்டு முனை வரைக்கும் சோமாசி ஓரம் மடிப்பது போலக் கிள்ளிக்கொண்டே போக வேண்டும். மூட்டு அடியில் இருக்கும்படி தட்டில் வைத்து இருபது நிமிடம் ஓய்வு. ஒரு மஞ்சள் கருவில் ஒரு கரண்டி பால் கலந்து மேலே தடவி, 190 டிகிரியில் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். வெளியே எடுத்ததும் தோல் கெட்டியாக இருக்கும், அதைக் கண்டு கவலை வேண்டாம். சூட்டோடு வெண்ணெய் தடவி, லினன் துண்டால் பத்து நிமிடம் மூடி வையுங்கள். உள்ளிருக்கும் நீராவி தோலை இளக்கிவிடும். பாட்டி துண்டை மூடியதும் சமையலறையைவிட்டு என்னையும் வெளியே போகச் சொல்லிவிடுவார்.

பொரிப்பதற்குக் கொஞ்சம் தட்டையாகச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மேலே சிவந்து நடுவில் மாவு வேகாமல் நிற்கும். எண்ணெய் 170, 180 டிகிரி. ஒரு துளி மாவைப் போட்டால் உடனே குமிழியிட்டு மேலே வர வேண்டும். சூடு குறைந்தால் மாவு எண்ணெயைக் குடிக்கும், மிஞ்சினால் கருகும். மூட்டு இருக்கும் பக்கத்தை முதலில் எண்ணெயில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் மூட்டு இறுகிக்கொள்ளும், பிறகு திறக்காது. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். ஆனால் அத்தனை நேரமும் அடுப்படியைவிட்டு நகர முடியாது, வாணலியில் நான்கு ஐந்துக்கு மேல் போடவும் முடியாது. பதினெட்டும் முடிவதற்குள் முதலில் எடுத்தது ஆறியிருக்கும். பெரிய கூட்டத்துக்கு ஓவனே சுகம். ஒரே தட்டில் எல்லாம் ஒன்றாக வெந்துவிடும், நீங்களும் எல்லோரோடும் உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம். சுட்டதை உறையவைத்துப் பத்து நிமிடம் ஓவனில் காட்டினால் புதிதுபோல் ஆகிவிடும். பொரித்ததை அப்படி மீட்க முடியாது.

பூரணத்தில் முட்டைக்கோஸுக்குத்தான் என் முதல் இடம். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. இனிப்பும் உப்பும் வெண்ணெயும் சேர்ந்த அந்த மென்மைக்கு ஈஸ்ட் மாவு மாதிரி ஒரு ஜோடி கிடையாது. ஒரு கிலோ கோஸை இடியாப்பம் போல மெல்லிசாக நறுக்கி, அகலமான வாணலியில் வெண்ணெய் விட்டு, மிதமான தீயில் வதக்க வேண்டும். சிவக்கவே கூடாது. உப்பை முதலிலேயே போட்டால் கோஸ் தண்ணீர் விட்டு வெந்த காய்போல ஆகிவிடும், அதனால் கடைசியில்தான். பாதி வரை மூடி, பிறகு மூடியை எடுத்துவிட்டால் ஈரம் போகும். பாட்டி கரண்டியால் கோஸை ஒரு பக்கம் ஒதுக்கி வாணலியைச் சாய்த்துப் பார்ப்பார். அடியில் தண்ணீர் ஓடி வந்தால் இன்னும் ஐந்து நிமிடம். இறக்கிய பிறகு பொடியாக நறுக்கிய மூன்று அவித்த முட்டை, சதகுப்பைக் கீரை, மிளகு. அப்புறம் முழுக்க ஆற வேண்டும். நான் முதல்முறை அவசரப்பட்டுச் சூடாகவே வைத்தேன். மாவில் இருந்த வெண்ணெய் உருகி அடி இளகி, தட்டிலிருந்து எடுக்கும்போது பூரணம் தட்டோடு நின்றுவிட்டது. எந்தப் பூரணமானாலும் இரண்டு விதி போதும்: ஈரம் இருக்கக் கூடாது, சூடு இருக்கக் கூடாது.

உருளைக்கிழங்கும் வறுத்த வெங்காயமும் காளானும் சேர்ந்தது பொரிப்பதற்கு மிகப் பொருத்தம். கட்டியாக நிற்கும், கசியாது, ஏற்கெனவே வெந்தது. சோடா மாவோடு இதைச் சேர்த்தால் புதிதாகச் செய்பவருக்குத் தோல்வி வர வழியே இல்லை. வெங்காயத்தாளும் அவித்த முட்டையும் வசந்தத்துப் பூரணம். பனி உருகித் தோட்டத்தில் முதல் தாள் எட்டிப் பார்க்கும்போது செய்வார்கள். வதக்க வேண்டியதுகூட இல்லை, நறுக்கி உப்பும் வெண்ணெயும் சேர்த்தால் முடிந்தது. ஆனால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும்.

இறைச்சியில்தான் கவனம் வேண்டும். பிரஷ்கிக்கு மாட்டிறைச்சியை முதலில் வேகவைத்து, அரைத்து, வறுத்த வெங்காயமும் வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டியும் சேர்த்து வைப்பதுதான் வழக்கம். சோவியத் காலத்தில் தெருமுனைகளில் சில கோப்பெக்குக்கு விற்ற பொரித்த பிரஷ்கியில் ஈரல், நுரையீரல், இருதயம் சேர்த்து அரைத்த பூரணம் இருக்கும், அதுவும் வெந்ததுதான். இரண்டு மூன்று நிமிடப் பொரிப்பில் பச்சைக் கொத்துக்கறி வேகாது. பச்சையாக வைக்கும் பலகாரங்கள் வேறு வடிவத்தில் இருப்பதற்கு அதுவே காரணம். ரஷ்யாவின் தாத்தார் இன மக்களிடமிருந்து வந்த பெல்யாஷ் தட்டையாக, நடுவில் ஓட்டையோடு இருக்கும். ஓட்டைப் பக்கத்தை முதலில் எண்ணெயில் வைப்பார்கள். அவர்கள் ஊரான கசானின் முக்கோண எச்போச்மாக்கில் பச்சைக் கறியும் உருளைக்கிழங்கும் வைத்து, ஓவனில் நிதானமாகச் சுட்டு, மேலிருக்கும் துளையில் கறிச்சாறு ஊற்றுவார்கள். அவற்றின் முறையைப் பிரஷ்கிக்குக் கொண்டுவர வேண்டாம்.

ஆப்பிளும் ஜாமும் ஓவனுக்கு. கரண்டியைச் சாய்த்தால் ஓடாத கெட்டி ஜாம் வேண்டும், ரஷ்யர்கள் அதைப் பவீத்லா என்பார்கள். இளகிய ஜாம் மூட்டைத் தேடிப் பிடித்து வெளியே வந்துவிடும். கொதிக்கும் எண்ணெயில் அது நடந்தால் கையில் தெறிக்கும், அதனால் வீட்டில் இனிப்புப் பிரஷ்கியைப் பொரிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

முட்டையும் பாலும் வேண்டாம் என்பவர்களுக்கும் ரஷ்ய மரபிலேயே வழி இருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தைய ஏழு வாரப் பெரு நோன்பில் பக்தர்கள் இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடமாட்டார்கள். அப்போது பாலுக்குப் பதில் தண்ணீர், வெண்ணெய்க்குப் பதில் நான்கு கரண்டி சூரியகாந்தி எண்ணெய், முட்டை இல்லாமலே மாவு. உள்ளே உருளைக்கிழங்கும் காளானும், அல்லது எண்ணெயில் வதக்கிய புளித்த கோஸ். மேலே தடவ மஞ்சள் கரு இல்லையே? சர்க்கரை போட்ட கடுந்தேநீரைத் தடவுவார்கள். ஓவனில் அது நல்ல செம்பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும். இது மறுநாள் கொஞ்சம் காய்ந்துதான் போகும், ஆனால் சுட்ட அன்று பால் மாவோடு போட்டி போடும்.

ஆக, விருந்தினர் வாசலில் நிற்கிறார்கள், உடனே தட்டு வைக்க வேண்டும் என்றால் சோடா மாவு, உருளைக்கிழங்கு, எண்ணெய். வேலைநாள் மாலை, நாளைக் காலைக்கும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்றால் இறகு மாவு, ஓவன். ஞாயிற்றுக்கிழமை, பயணம், பிள்ளைகளின் மதிய டப்பா, பக்கத்து வீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்றால் ஒப்பாரா வைத்து மாவு, கோஸ், ஓவன்.

முதல்முறை செய்பவர் எதில் தொடங்குவது என்று கேட்டால், எல்லோரும் சோடா மாவைச் சொல்வார்கள். நான் ஒப்பாராவையே சொல்வேன். அந்த மாவு இரண்டு வழிக்கும் வரும் என்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். பதினெட்டில் பதினான்கை ஓவனுக்கு அனுப்புங்கள். நான்கை மட்டும் தட்டையாக்கி வாணலியில் போடுங்கள். அந்த நான்கையும் ஓவன் வேலை முடிவதற்குள் நின்றபடியே தின்றுவிடுங்கள். சுட்டதில் இரண்டைத் துண்டில் சுற்றி எடுத்து வைத்து, மறுநாள் காலைத் தேநீரோடு ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள்.